நிறுத்தியவர் காரணம் சொல்ல வேண்டும்

பெர்லி குன்றில் எழுதி ஒட்டிய சட்டங்கள் ஏராளம். ஒருவரும் படிப்பதில்லை. எழுதாத சட்டம் ஒன்றே ஒன்று. அதை மட்டும் யாரும் மீறியதில்லை. லிப்டை நிறுத்தியவர் காரணம் சொல்ல வேண்டும்.

எங்கள் லிப்ட் பழையது. இரண்டு பேர் உட்காரும் இருக்கைகள் ஒரு இரும்பு வடத்தில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, பனியில் சறுக்க வருகிறவர்களை உச்சிக்கு ஏற்றிச் செல்லும். கீழ்க் கொட்டகையில் நான், மேல் கொட்டகையில் லூசியன். ஆளுக்கொரு சிவப்புப் பொத்தான், ஆளுக்கொரு போன். பொத்தானை யார் அமுக்கினாலும் வடம் நின்றுவிடும். பாதி வழியில் இருப்பவர்கள் அந்தரத்தில் காலை ஆட்டிக்கொண்டு தொங்க வேண்டியதுதான். அமுக்கியவன் உடனே போனை எடுத்து ஏன் என்று சொல்ல வேண்டும். "கீழ சரி" என்று நானும் "மேல சரி" என்று அவனும் சொன்ன பிறகே மறுபடி ஓட்டலாம். இறங்கத் தெரியாமல் உருண்ட பிள்ளை, நழுவி விழுந்த கையுறை, ஒரு முறை யாருடைய நாயோ தனியாக ஏறி உட்கார்ந்துகொண்டது என்று எத்தனையோ காரணங்கள் அந்தக் கம்பி வழியே போயிருக்கின்றன. சும்மா நிறுத்தினேன் என்ற பேச்சு மட்டும் போனதில்லை.

லூசியன் என் மச்சான். என் மனைவி ஜெர்மேனோடு கூடப் பிறந்தவன். ஜெர்மேன் இறந்து இது இரண்டாவது குளிர்காலம். அவள் போன பிறகு அவன் எனக்கு இன்னும் மச்சான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, ஏனென்றால் அவன் அப்படிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான்.

சண்டையா என்று ஊரில் கேட்கிறார்கள். சண்டையாக இருந்தால் எவ்வளவோ தேவலை, சமாதானம் பேச யாரையாவது அனுப்பலாம். எங்களுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அவள் இருந்தவரை சனிக்கிழமை சாயங்காலம் மலையை மூடியதும் லூசியன் வீட்டில் பயறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மாட்டுக்கறி. அது யாரும் வைத்த ஏற்பாடு இல்லை, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் அடக்கம் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை பனிப்புயல், பாதை அடைபட்டுவிட்டது. அடுத்த வாரம் அவன் கூப்பிடுவான் என்று நான் இருந்தேன். நான் வருவேன் என்று அவன் இருந்திருப்பான். அதற்கடுத்த வாரம் இரண்டு பேருக்கும் கூச்சம் வந்துவிட்டது. கூச்சம் ஒரு தரம் உள்ளே வந்து உட்கார்ந்தால் லேசில் கிளம்பாது.

அவன் வீடு மலைக்கு மறுபக்கம். மேல் கொட்டகைக்குப் பின்னால் தன் பனிவண்டியை நிறுத்தியிருப்பான். மூடியதும் அதில் ஏறி அந்தப் பக்கமாகவே இறங்கிப் போய்விடுவான். ஆக, வாரம் இரண்டு நாள் ஒரே வடத்தின் இரண்டு முனையில் நின்று வேலை செய்கிறோம், முகம் பார்ப்பதில்லை. காலையில் "கீழ சரி", "மேல சரி". சாயங்காலம் அதே. நடுவில் யாராவது விழுந்தால் இன்னும் நாலு வார்த்தை. யாரும் விழாத நாளில் அதுவும் கிடையாது. சில நாள், யாராவது விழுந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் ஏவிஸின் கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். எங்கள் ஊரில் செய்தித்தாள் தேவையில்லை, ஏவிஸ் இருக்கிறாள்.

"ஏன்யா மெரில், லூசியன் பனி உருகுனதும் தெக்க பொண்ணு வீட்டுக்கே போயிடுறானாமே? வீட்டை விக்கப் போறானாம்."

"தெரியும்" என்றேன். தெரியாது.

"தெரியுமா? அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படிப் போகுது?"

"குளிரு."

"கடைக்குள்ள ஏதுய்யா குளிரு" என்றாள். நான் மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

தென் கரோலினாவுக்குப் போகிறானாம். மலையே இல்லாத ஊர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் போனில் சொல்ல முடியாத செய்தியா அது? வீட்டுக்கு வந்து அந்த ரொட்டியை வெறுமனே தின்றேன். கோபம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பயம் என்று தெரிந்தது. அவனும் போய்விட்டால் இந்த ஊரில் ஜெர்மேன் சிரித்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் மிச்சம்.

போகாதே என்று சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். போனில் கேட்டு அவன் முடியாது என்றால், அந்த முடியாதை நான் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த இருக்கையில் ஆளை ஏற்ற வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருக்கிறது, ஊரைத் திட்டுவதற்கு மட்டும் திறக்கும்.

அப்போதுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடீன் வந்தாள்.

நடீன் 'இருவர் இருக்கை' என்று ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறாள். பெரிய பெரிய மலைகளை விட்டுவிட்டு, எங்களைப் போல ஒரே லிப்ட்டும் உருளைக்கிழங்கு வறுக்க ஒரே எண்ணெய்ச் சட்டியும் வைத்துக்கொண்டிருக்கும் குன்றுகளாகத் தேடிப் போவாள். இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்து மேலே போய்ச் சேர்வதற்குள் ஆளைப் பேச வைத்துவிடுவாள். காரிலேயே தூங்குகிறாள் என்றும் புருஷன் விட்டுப் போய்விட்டான் என்றும் ஏவிஸ் சொன்னாள். இரண்டில் எது முதலில் என்று ஏவிஸுக்கே தெரியவில்லை.

நான் அந்த நிகழ்ச்சியைக் கேட்டதில்லை. ஆனால் லூசியன் கேட்பான். வியாழக்கிழமை புதிது வந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கொட்டகையில் அதுதான் ஓடும். அவன் போனை எடுத்தால் பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்கும். அவனுக்கு அந்த மலைமேல் வேறு துணை இல்லை.

அதனால் நடீன் என் கொட்டகைக்குள் வந்து, ரெக்கார்டரை ஜன்னல் விளிம்பில் வைத்து, "பேசலாமா மெரில்?" என்று கேட்டபோது என் மூளை அபூர்வமாக வேலை செய்தது. இதில் சொன்னால் லூசியன் கேட்பான். அவனுக்கு வர விருப்பமில்லை என்றால் கேட்காத மாதிரி இருந்துகொள்ளலாம், நானும் சொல்லாத மாதிரி இருந்துகொள்ளலாம். இருவருக்கும் மானம் மிச்சம்.

ஆனால் எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? முதலில் வடத்தைச் சுழற்றும் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு கியர் எண்ணெயைப் பற்றி. கடும் குளிரில் எண்ணெய் எப்படி இறுகும், காலையில் எவ்வளவு நேரம் வெறுமனே ஓட்டிச் சூடேற்ற வேண்டும், மலிவான எண்ணெய் வாங்கச் சொன்ன, குன்றை நடத்தும் கமிட்டியின் தலைவரை நான் என்ன சொன்னேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பாவம், அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எண்ணெயைப் பற்றி ஒரு மனிதனால் இவ்வளவு பேச முடியும் என்று அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா யார் இருக்காங்க?" என்று திடீரென்று கேட்டாள்.

"அடுப்பு இருக்கு" என்றேன்.

வெளியே இருக்கைகள் காலியாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது.

"மேல ஒருத்தன் இருக்கான்" என்றேன். "என் பொண்டாட்டியோட கூடப் பிறந்தவன். தெக்க போறானாம். போறவனைப் பிடிச்சா வெக்க முடியும்? ஆனா ஞாயித்துக்கிழமை கறி எனக்கும் சமைக்கத் தெரியும். ஜெர்மேன் கை மாதிரி வராது, தின்னலாம். வர்ற ஞாயிறு ரெண்டு தட்டு வெக்கிறேன். இவன் இல்லாம நான் இந்த ஊர்ல என்ன பண்ணப் போறேன்னு எனக்குத் தெரியல. அவ்ளோதான். வேற கேள்வி கேளு."

அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. என் கையைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டு, ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அடுத்த இருக்கையில் ஏறி மேலே லூசியனிடம் போனாள். அத்தனை குளிரிலும் எனக்குச் சட்டைக்குள் வியர்த்திருந்தது. மேலே அவளுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வேறு. லூசியன் வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவன். 'ஆமா', 'இல்ல', 'காத்து ஜாஸ்தி', அவ்வளவுதான் வரும்.

அடுத்த வியாழக்கிழமை நிகழ்ச்சி வெளியானது. நான் கேட்கவில்லை. என் குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருக்கும். மேலும் நான் சொன்னது எனக்குத் தெரியாதா? கேட்க வேண்டியவன் கேட்டால் போதும்.

சனிக்கிழமை முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று பார்த்து ஒருவரும் விழவில்லை. சாயங்காலம் கடைசி இருக்கையும் காலியாக வந்ததும் போனை எடுத்தேன்.

"கீழ சரி."

"மேல சரி" என்றான். வழக்கமாக அதோடு வைத்துவிடுவான். அன்று வைக்கவில்லை. அவன் மூச்சுவிடுவது கேட்டது.

"வேற ஏதாவது?" என்று கேட்டான்.

இரண்டு குளிர்காலத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அவசரப்பட்டு நானே வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாது, நாளைக்கு அவனாகவே வரட்டும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, ஜெர்மேன் செய்வது போலவே, கறியை வெங்காயத்தோடும் கேரட்டோடும் சட்டியில் அடுக்கி அடுப்பின் சூட்டைக் குறைத்து வைத்துவிட்டு மலைக்குப் போனேன். அன்று சாயங்காலம் போனில் லூசியனின் குரல் சப்பென்று இருந்தது. "மேல சரி", டக். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மேசையைத் துடைத்தேன். இரண்டு தட்டு வைத்தேன். ஜன்னல் பக்கம் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பழைய செய்தித்தாள்கள் கிடந்தன, எடுத்து மூலையில் போட்டேன். ஒரு பனிவண்டிச் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரன். இன்னொன்று கேட்டது, அதற்கும் எழுந்தேன். மூன்றாவதற்கு எழவில்லை, காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கறி நன்றாகத்தான் வந்திருந்தது. அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. கருகித் தொலைந்திருந்தால் அவன் வராததும் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஒரு தட்டைக் கழுவினேன். இன்னொன்றில் யாரும் சாப்பிடவில்லை, அப்படியே அலமாரியில் வைத்தேன்.

அந்த வாரம் முழுக்க அவனைத் திட்டினேன். ஊர் கேட்க அழைத்தும் வராதவன் என்ன மனிதன்? போகட்டும், தென் கரோலினாவில் கொசு கடிக்கட்டும். வெயிலில் கருகட்டும். ஏவிஸ் கடையில், "வானொலில பேசின பெரிய மனுஷன் வர்றான், வழி விடுங்க" என்றாள். "நீ கேட்டியா?" என்றேன். "உன் பேச்சைக் காசில்லாம நேர்லயே கேக்கிறேன், அதை வேற போட்டுக் கேக்கணுமா?" என்றாள். அவள் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை நான் "கீழ சரி" என்று சொல்லிப் போனை ஓங்கி வைத்தேன். அவன் "மேல சரி" என்றானா என்றுகூடக் காத்திருக்கவில்லை. அது தப்பு, மறுபடி எடுத்தேன். அவனும் அந்தப் பக்கம் ஓங்கி வைத்திருந்தான். இவனுக்கென்ன கோபம், வராதவன் இவன்தானே என்று எனக்கு இன்னும் பொங்கியது. திரும்ப அழைத்து, ஒழுங்காகச் சொல்லி, ஒழுங்காகக் கேட்டு, லிப்டை ஓட்டினேன்.

மத்தியானம் கூட்டம் சூப்புக் குடிக்க உள்ளே போயிருந்த நேரத்தில் நடீன் வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மெரில், உங்ககிட்ட மன்னிப்பு கேக்க வந்தேன். எழுதிப் போடலாம்னு பாத்தேன், மனசு ஒப்பல. நேர்ல திட்டு வாங்கிக்கலாம்னு வந்துட்டேன்."

"என்னம்மா?"

"அன்னிக்கு ரெக்கார்டரை அந்த ஜன்னல்ல வெச்சுட்டேன். கண்ணாடியில பனி பிடிச்சிருந்துச்சு, நான் கவனிக்கல. குளிர்ல பேட்டரி படுத்துடுச்சு. மேல போய்ப் பாத்தா உயிரில்ல. உடம்போட வெச்சிருந்த வேற பேட்டரி போட்டு லூசியன்கிட்ட பேசினேன். இப்பதான் போயிருக்கும்னு நெனச்சேன். வீட்ல போய்ப் போட்டுப் பாத்தாத்தான் தெரிஞ்சுது, நீங்க பேசினதுல பாதி இல்ல."

"எந்தப் பாதி?"

"கியர் எண்ணெய் வரைக்கும் இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"ஒரு வார்த்தை இல்ல."

குளிரில் பேட்டரி சாகும் என்று இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வண்டி பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் நாங்கள். ரெக்கார்டரை அந்த ஜன்னலில் அவள் வைத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய் இறுகுவதைப் பற்றி வாய் கிழியப் பேசிக்கொண்டே, பக்கத்தில் அந்த ரெக்கார்டர் விறைத்துச் சாவதைக் கவனிக்கவில்லை. ஊரே சிரிக்கும்.

ஆக, லூசியன் நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. நான் ஒரு வாரம் திட்டியது ஒன்றும் அறியாத மனிதனை. எண்ணெயைப் பற்றி மட்டும் நீளமாகக் கேட்டிருக்கிறான்.

"திட்டுங்க" என்றாள் நடீன்.

"வரலம்மா" என்றேன். நிஜமாகவே வரவில்லை.

"நல்ல வேளை, லூசியன் பேசினதாவது உங்களுக்குக் கேட்டுச்சே. நீங்க அவர் வீட்டுக்குப் போனீங்களா?"

"அவன் என்ன பேசுவான்? மூணு வார்த்தை."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்க கேக்கலையா? மெரில், அவர் பேச ஆரம்பிச்சு நிறுத்தவே இல்ல."

தன் போனை எடுத்து, எங்கேயோ நகர்த்தி, இயர்போனை என்னிடம் நீட்டினாள். தொப்பிக்குள் விட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். முதலில் காற்று. பிறகு மேல் சக்கரம் சுற்றும் சத்தம், அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். பிறகு லூசியன்.

"எங்க அம்மாவோட பயறுப் பானைங்க அது. எட்டுப் பேருக்கு ஆக்குறது. எனக்கு அதுல கொஞ்சமா செய்யத் தெரியல. சனிக்கிழமை காலைல பாகும் பன்னிக்கறியும் போட்டு அடுப்புல ஏத்திட்டு வருவேன். சாயங்காலம் ஒருத்தனா உக்காந்து திங்கிறேன். அப்புறம் வாரம் பூரா அதையேதான். முந்தி ஜெர்மேனும் அவ வீட்டுக்காரனும் வருவாங்க. இப்ப கீழ இருக்கானே, அவன்தான். அவனுக்கு அந்தப் பானை தெரியும். கதவை நான் பூட்றதில்ல. வர்ற சனிக்கிழமையும் ஆக்கத்தான் போறேன். அவன் வந்தான்னா சரி. வரலன்னா, பொண்ணு தெக்க கூப்பிடுது. போயிட வேண்டியதுதான்."

நடீனின் குரல் கேட்டது. "இதை அவர்கிட்டயே கேக்கலாமே?"

"அவன் இதைக் கேப்பான்ல?" என்றான் லூசியன். "அவனும் இதுல பேசியிருக்கான்ல. கண்டிப்பா கேப்பான்."

நான் இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கினேன். 'வேற ஏதாவது?' என்று அவன் கேட்டது எதற்கு என்று இப்போது புரிந்தது. அடுப்பில் எட்டுப் பேருக்குப் பயறை வைத்துவிட்டு வந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, வருகிறேன் என்று நான் சொல்வதற்காக நின்றிருக்கிறான். நான் ஒன்றுமில்லை என்றேன். பூட்டாத கதவைப் பார்த்துக்கொண்டு அவன் சனிக்கிழமை உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கிழட்டுக் கழுதைகள்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

வடம் முனகி நின்றது. இருக்கைகள் முன்னும் பின்னும் ஆடின. சூப்பை முடித்துவிட்டு அப்போதுதான் நாலைந்து பேர் ஏறிப் போயிருந்தார்கள், அதில் ஏவிஸும் ஒருத்தி. சட்டப்படி நான்தான் போனை எடுக்க வேண்டும். நான் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் மேலேயிருந்து போன் அடித்துவிட்டது.

"என்னாச்சு? யாரு விழுந்தா?" என்றான் லூசியன்.

"யாரும் விழல."

"அப்புறம் ஏன் நிறுத்தின?"

என் வாழ்க்கையில் முதல் முறையாக, சொல்ல என்னிடம் காரணம் இருந்தது, வாய் இல்லை. நடீன் மூலையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றாள். வெளியே நடுவானத்திலிருந்து, "யோவ் மெரில், உள்ள இருக்கியா செத்துட்டியா?" என்று ஏவிஸ் கத்தினாள்.

"காரணம் சொல்லு" என்றான் லூசியன். "ஆளுங்க தொங்குறாங்க."

"பயறு மிச்சம் இருக்கா?" என்றேன்.

அந்தப் பக்கம் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பாட்டை அவன் நிறுத்தினான்.

"போன வாரத்துதா?"

"எந்த வாரத்துதாவது."

"போன வாரத்தது கெட்டுப் போச்சு, கொட்டிட்டேன்" என்றான். பிறகு, "இன்னிக்கும் ஏத்தி வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். எனக்கு வேற என்ன ஆக்கத் தெரியும்."

"நான் அதைக் கேக்கல லூசியன். இப்பதான் கேட்டேன், இந்த நிமிஷம்தான். நான் பேசினதும் அதுல இல்ல. பேட்டரி செத்துப் போச்சு. நான் உன்னை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருந்தேன். கறி வெச்சிருந்தேன். ரெண்டு தட்டு."

"எண்ணெயைப் பத்தித்தான் கேட்டேன்."

"தெரியும்."

"ரொம்ப நீளமா இருந்துச்சு."

"தெரியும்டா."

அவன் மூக்கை உறிஞ்சினான். குளிராக இருக்கலாம். மேல் கொட்டகையில் எப்போதும் குளிர்தான்.

"இன்னொண்ணு" என்றேன். இப்போது சொல்லாவிட்டால் மறுபடி ஒரு ரெக்கார்டரைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கும். "தெக்க போகாத."

"அதுக்கா லிப்டை நிறுத்தின?"

"அதுக்குத்தான் நிறுத்தினேன்."

வடத்தில் இருக்கைகள் ஆடுவதை விட்டுவிட்டன. ஏவிஸ் ஏதோ கெட்ட வார்த்தையில் என்னை அழைத்தாள். அவன் முடியாது என்று சொன்னாலும் சரி, அதைக் காதில் வாங்கிக்கொள்வது என்று நான் நின்றேன்.

"வீட்டைக் கேட்டு ஒருத்தன் வந்தான்" என்றான் லூசியன் கடைசியில். "அவனுக்கு இன்னும் பதில் சொல்லல. இல்லன்னு சொல்லிடுறேன்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மச்சான், அந்தப் பொம்பள கத்துது. மேல சரி."

"கீழ சரி" என்றேன். சொன்ன மாதிரி இருந்தது. குரல் வந்ததா என்று நடீனைத்தான் கேட்க வேண்டும்.

லிப்ட் கிளம்பியது. நடீன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் பதிவு பண்ணல, சத்தியமா" என்றாள். "பண்ணியிருந்தா அதைச் சக்கரத்துல குடுத்து அரைச்சிருப்பேன்" என்றேன். பிறகு, ராத்திரி காரில்தான் தூங்கப் போகிறாளா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எட்டுப் பேருக்கு ஆக்கிய பயறு இருக்கிறது என்றேன். அவள் யோசித்து, இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் மட்டும் போங்கள் என்றாள். தொப்பியை மாட்டிக்கொண்டு இருக்கையில் தனியாக ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகவே மேலே போனது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, ஆனால் அதற்கு அன்று நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

மூடும் நேரம் வந்தது. கடைசி இருக்கையும் காலியாகத் திரும்பி வந்ததும் போனை எடுத்தேன்.

"கீழ சரி."

"மேல சரி."

அவன் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"வேற ஏதாவது?" என்று இந்த முறை நான் கேட்டேன்.

"ஏவிஸ் கடைல கறுப்பு ரொட்டி இருந்தா வாங்கிட்டு வா மச்சான்" என்றான். "என்கிட்ட காஞ்சு போச்சு."